சித்தியின் யோர்தான்

என் சித்தி நாகேஸ்வரியின் சமையலறைக்குச் சொந்தமாக மின்மானி கிடையாது. பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு பெரிய கடையைப் பலகைச் சுவர் வைத்து இரண்டாக்கியபோது, தெருப்பக்கம் அரியநாயகத்தாரின் சேலைக்கடையாகவும் முற்றத்துப் பக்கம் சித்தியின் வடைக்கடையாகவும் ஆனது. மின்மானி சேலைகளோடு நின்றுவிட்டது. சுவரில் ஒரு துளை, துளைக்குள்ளால் ஒரு வயர். அந்த வயரை நம்பித்தான் கிரைண்டர், குளிர்பெட்டி, குழல்விளக்கு, பிள்ளையார் படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்ப் எல்லாம் இருந்தன.

நானும் என்னோடு பொறியியல் படிக்கும் நிதாலும் அங்கேதான் பரீட்சைக்குப் படித்தோம். நூலகத்தில் வடை தருவதில்லை. நிதால் பலஸ்தீனன், ஊர் ஜெரிகோ. பலஸ்தீனத்துக்கு அண்டை நாடுகளிலிருந்து மின்சாரம் வாங்குவது எப்படி என்பது எங்கள் இருவரின் ஆய்வு. மேற்குக் கரை பெரும்பாலும் இஸ்ரேலிடம் வாங்குகிறது. ஜெரிகோவுக்கு மட்டும் யோர்தானிலிருந்து கம்பி வருகிறது. காசாவின் தென்முனைக்கு எகிப்திலிருந்து கொஞ்சம் வரும், வராமலும் விடும். இந்த யோர்தான் கம்பியையும் எகிப்துக் கம்பியையும் பெருப்பித்தால் ஒரே வாசலில் நிற்கத் தேவையில்லை என்பது எங்கள் முடிவு. ஜூன் மாத வாய்மொழிப் பரீட்சையில் நடுவர் அம்மையார் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இப்போது விற்பவர் கோபிக்க மாட்டாரா?" அது அரசியல், நாங்கள் மின்சாரத்துறை என்று நான் பதில் சொன்னேன். இருவருக்கும் செப்டெம்பரில் மறுபரீட்சை கிடைத்தது.

ஓகஸ்ட் கடைசியில், கோயில் தேருக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. பிள்ளையாரும் அணைந்தார்.

"கறண்ட் போயிட்டுது," என்றார் சித்தி. "போய்க் கேள்."

அரியநாயகத்தார் சேலை மடித்துக்கொண்டே பேசினார். "உங்கட கிரைண்டர் போட்டா என்ர பக்கம் பிரேக்கர் விழுகுது தம்பி. தேர் முடியட்டும்."

தேர் ஞாயிற்றுக்கிழமை. தேர் இழுக்கும் தொண்டர்களுக்கான வடையை இந்த முறை கோயில்காரர் சித்தியிடம் கொடுத்திருந்தார்கள். கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்து ஹோட்டலில் கட்டில் விரிக்கும் வேலையை வசந்தத்தில் விட்டவர் அவர். ஞாயிறு சரியாகப் போனால் கோயில் வடை வருடம் முழுவதும் அவருக்கு. பிழையாகப் போனால் மறுபடி கட்டில்தான். வாளி வாளியாக உழுந்து ஊறிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில், அரைக்காமல் விட்டால் புளித்துவிடும்.

"விழுகுதாமோ? நேற்று வரைக்கும் விழேல்லையோ?" என்றார் சித்தி. "இது பெட்டிப் பிரச்சினை."

வெள்ளிதோறும் நீல மூடி போட்ட ஐஸ்கிரீம் பெட்டியில் வடை சேலைக்கடைக்குப் போகும். பெட்டி வெறுமையாகத் திரும்புவதில்லை. வாழைப்பழமோ கற்பூரமோ, ஒருமுறை சட்டைத்துணிகூட வந்தது. போன வெள்ளி மட்டும் வெறும் பெட்டி வந்தது.

"கழுவித் துடைச்சு வெறுமையா அனுப்பியிருக்கினம். மூஞ்சையில அடிச்ச மாதிரி," என்றார் சித்தி. "இண்டைக்கு நான் வடை குடுக்கேல்லை. அவர் கறண்டை வெட்டிப்போட்டார்."

நிதாலுக்கு மொழிபெயர்த்தேன். அவன் முகம் இறுகியது. "எங்கள் ஊரிலும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள்," என்றான். "இது பாரதூரமான விஷயம்."

"அவங்கட ஊரில கறண்ட் வெட்டினா என்ன செய்யிறவை எண்டு கேள்."

"எங்கள் வீட்டுக்கு யோர்தான் கறண்ட். நாப்லுசில் மாமிக்கு இஸ்ரேல் கறண்ட். அங்கே நின்றுபோனால் மாமி அழுக்குத் துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்."

சித்தி உழுந்து வாளியைப் பார்த்தார். "அப்ப எனக்கு யோர்தான் ஆர்?"

முற்றத்துக்கு அந்தப் பக்கம் இராயப்புவின் முடிதிருத்தும் கடை. அதன் பின் யன்னல் எங்கள் கதவைப் பார்த்தபடி இருக்கும். புதுச்சேரிக்காரர். சித்தி அவரோடு ஒரு போன்ஷூர் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை.

"கரண்ட்தானே? எடுத்துக்குங்க," என்றார் இராயப்பு, ஒரு தலையை விடாமல். "ஆனா நான் முடி காய வைக்கிற மிஷின் போட்டா நீங்க கிரைண்டரை நிறுத்திடணும். ரெண்டையும் தாங்காது."

குப்பைத்தொட்டிகளுக்கு மேலால் வயர் வந்தது. குளிர்பெட்டி உறுமியது, கிரைண்டர் சுற்றியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அரியநாயகத்தார் மனம் மாறினால் அவருடைய வயரையும் இதே பிளக் பலகையில் சேர்த்துக் குத்தலாம், இரண்டு மடங்கு கறண்ட் என்றேன்.

நிதால் பிளக்கை என் கையிலிருந்து வாங்கினான். "நீ ஜூனில் ஏன் தோற்றாய் என்று இப்போது விளங்குகிறது. இரண்டு வழியால் வரும் மின்சாரத்தைச் சும்மா சேர்த்துக் கட்டினால் வெடிக்கும். ஜெரிகோவை யோர்தானோடு இணைத்தபோது இஸ்ரேல் பக்கத்தைக் கழற்றித்தான் இணைத்தார்கள்."

முதல் ஈட்டு வடை நீல மூடிப் பெட்டியில் இராயப்புவுக்குப் போனது. பெட்டி ஒரு பிரியோஷ் ரொட்டியோடு திரும்பியது.

"மனுசனுக்குப் பழக்கவழக்கம் தெரியுது," என்றார் சித்தி.

சனிக்கிழமை காலை அரியநாயகத்தார் பின்கதவால் எட்டிப் பார்த்தார். முதலில் கண்ணில் பட்டது முற்றத்தைக் கடந்து மறுபடி இராயப்புவிடம் போன நீல மூடிப் பெட்டி. வயரைப் பிறகுதான் கண்டார்.

"நாகேஸ், அது எங்களுக்கு வாற பெட்டியெல்லோ?"

"ஓம் அண்ணை. உங்களிட்டை இருந்து வெறுமையா வந்த பெட்டி."

அவர் கடைப்பக்கம் திரும்பினார். மகளைக் கூப்பிட்டார். "ஆரணி, போன கிழமை பெட்டியை ஆர் குடுத்தது?"

"முவா, நான்தான்," என்றாள் ஆரணி, காதிலிருந்த பாட்டுக்கம்பியை ஒருபக்கம் மட்டும் கழற்றி.

"வெறுமையோ குடுத்தனி?"

"ஏன் அப்பா, கழுவித்தானே குடுத்தனான். பெட்டிக்குள்ள என்னத்தை வைக்கிறது? அது பெட்டி."

அவள் சொன்னதில் பிழையில்லை.

"நேற்று வடை வரேல்லை," என்றார் அரியநாயகத்தார். "ஏதோ கோவமெண்டு நினைச்சன்."

"அதுக்குக் கறண்டை வெட்டுறதோ?"

"விழுகுதெண்டுதான்..."

"அண்ணை."

"கொஞ்சம் கோவமும்தான்." அவர் தொண்டையைச் செருமினார். "இப்பப் போட்டுவிட்டிட்டன், பாரும், பிள்ளையார் எரியிறார். உந்த வயரைக் கழட்டும். ஆக்கள் பாத்தா என்ன நினைப்பினம்?"

சித்தி அவரிடம் எதற்கும் மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. கறண்ட் அவர் பக்கம் இருந்தது.

"கழட்டேல்லை அண்ணை. உங்கடையும் இருக்கட்டும், இராயப்புவின்ரையும் இருக்கட்டும்."

அவர் உள்ளே போனார். சிறிது நேரத்தில் சிவப்பு பல்ப் மறுபடி அணைந்தது.

தேருக்கு முதல்நாள் லா சப்பலில் தலை வெட்டாத ஆண் கிடையாது. இராயப்புவின் கடை வாசல்வரை ஆட்கள். மிஷின் ஓயாமல் ஊதியது. நாங்கள் கிரைண்டரை நிறுத்தினோம், போட்டோம், நிறுத்தினோம். மத்தியானம் கடந்தும் பாதி உழுந்து அரைபடவில்லை. சித்தி கதிரையில் இருந்துவிட்டார்.

"திங்கள் ஹோட்டலுக்குப் போன் பண்ண வேணும்," என்றார்.

நிதால் என்னைப் பார்த்தான். எங்கள் ஆய்வின் முடிவு, விற்பவர் கோபித்துக்கொண்டபின், எங்களுக்கு முன்னால் கதிரையில் இருந்தது.

அப்போது ஆரணி வந்தாள். கையில் அவர்கள் வீட்டுப் பெட்டி, பச்சை மூடி. மேசையில் வைத்தாள். "வெறுமையில்லை," என்றாள் மிகக் கவனமாக.

சித்தி திறந்தார். இரண்டு வாழைப்பழத்துக்கு நடுவில் பெரிய கைபிடி வைத்த சுவிட்ச் ஒன்று, கடை மட்டை கழற்றாமல் இருந்தது.

"இதைப் பூட்டத்தான் அப்பா கறண்டை நிப்பாட்டினவராம்," என்றாள் ஆரணி.

பின்னாலேயே அரியநாயகத்தார் திருகாணிக் கருவியோடு வந்தார். "ஊர் வீட்டில ஜெனரேற்றர் வைச்சிருந்தனாங்கள், எனக்குத் தெரியாதோ? கைபிடி இந்தப் பக்கம் எண்டா நான். அந்தப் பக்கம் எண்டா இராயப்பு. ஒரு நேரத்தில ஒண்டுதான்." நிதாலைப் பார்த்தார். "பொடியா, நீ எஞ்சினியரெண்டா வயரைப் பிடி."

இரண்டு பேருக்கும் பொதுவான மொழி பத்துச் சொல் பிரெஞ்சுதான். சுவிட்ச் பூட்ட அது போதுமாக இருந்தது. தன்னுடைய பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அரியநாயகத்தார் உறுதியாக நின்றார். சித்தி விட்டுக்கொடுத்தார். அன்று இரவுக்குள் உழுந்து முழுவதும் அரைபட்டது. மிஷின் ஊதினால் கைபிடி மேலே, சேலைக்கடையில் விளக்கு மங்கினால் கீழே.

ஞாயிறன்று தெருவெல்லாம் தேங்காய்ச் சிதறல். வடை சூடாகப் போனது. கோயில்காரர் ஒருவர் மூன்றாவது வடையைக் கடித்துக்கொண்டே, "வாற வெள்ளியும் தருவியளோ?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் சித்தி. அவர் யோசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

செப்டெம்பரில் அதே நடுவர் அம்மையார் அதே கேள்வியைக் கேட்டார். இப்போது விற்பவர் கோபிக்க மாட்டாரா?

"கோபிப்பார்," என்றேன். "பிறகு சில வேளை சுவிட்சோடு வருவார்."

"வராவிட்டால்?"

நிதால் முந்திக்கொண்டான். "வராவிட்டாலும், மாவில் பாதி அரைபட்டிருக்கும். முந்தி அதுவும் இல்லை."

அவர் எந்த மாவு என்று கேட்டார். விளக்கினோம். பாஸ் பண்ணினோம். நன்றிக்கு அவருக்கு ஒரு பெட்டி வடை கொடுத்தோம். அடுத்த வாரம் பெட்டியைப் பளபளவென்று கழுவி, வெறுமையாகத் திருப்பித் தந்தார்.

சித்தியிடம் அதைச் சொல்லவில்லை. கார் து நோரில் இறங்கி, வருகிற வழியில் உள்ளே இரண்டு வாழைப்பழம் வைத்தேன்.