சிவப்புக் கை இருந்த இடம்

கடைக்கு வருகிற எவரையும் அவன் சும்மா விடுவதில்லை. வண்டிக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்ட வந்தவரானாலும் சரி, கதவுக் கண்ணாடிக்கு எழுத்து வெட்ட வந்தவரானாலும் சரி, வேலை முடிவதற்குள் விஷயம் காதில் விழுந்துவிடும். "என் பொண்ணு அப்பான்னு கூப்பிடுறா சார்." வந்தவர் ஒப்புக்குச் சிரித்துவைப்பார். பெற்ற பிள்ளை அப்பா என்று கூப்பிடுவதில் என்ன அதிசயம்? மகளுக்கு ஏழு வயது, இதுவரை வாயிலிருந்து ஒரு சொல்கூட வந்ததில்லை என்பதை அவன் அடுத்த மூச்சில் சொல்வான். அவர் ஸ்டிக்கரைப் பார்ப்பார்.

மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். பல்லாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற கோளாறு அவளுக்கு. மரபணுவில் எங்கோ ஒரு துணுக்கு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அந்தத் துணுக்கோடு பேச்சு போயிற்று, நேரான நடை போயிற்று, பாதித் தூக்கமும் போயிற்று. பதிலுக்கு வந்தது சிரிப்பு. கொஞ்சினாலும் சிரிப்பாள், ஊசி போட்டாலும் சிரிப்பாள். "சிரிக்கிறதை வச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க. பயந்தாலும் சிரிப்பாங்க, வலிச்சாலும் சிரிப்பாங்க" என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். புருஷனும் பெண்சாதியும் தலையாட்டினார்கள். தலையாட்டியதோடு சரி.

படப்பலகை யோசனை பேச்சுப் பயிற்சி டீச்சருடையது. தண்ணீர், பசி, பாட்டு, பந்து, வெளியே என்று பன்னிரண்டு படங்கள். வேண்டியதைக் குழந்தை தொட்டுக் காட்ட வேண்டும். மேல் வரிசையின் வலது ஓரத்தில், விரல்களை விரித்த சிவப்புக் கை. அது 'வேண்டாம்'. ஸ்டிக்கர் கடைக்காரன் வீட்டுப் பலகை அல்லவா, பயிற்சி நிலையத்தில் இருந்ததைவிட அழகாக அமைந்தது. அவனே அச்சடித்து, லேமினேட் போட்டு, குத்தாமலிருக்க முனைகளை வளைத்து வெட்டி, பின்னால் வெல்க்ரோ ஒட்டினான். டீச்சர் ஒரேயொரு நிபந்தனை சொன்னார்.

"படம் அழுக்கானா புதுசு போடுங்க. எந்தப் படத்துக்கு எந்த இடமோ, அதை மட்டும் மாத்தாதீங்க. இவங்க கண்ணால படிக்கிறதைவிட கையாலதான் ஞாபகம் வச்சுக்குவாங்க."

ஒரு வருடம் சிட்டு பலகையைத் தட்டிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள், மருந்துக் கரண்டி வாயருகே வந்தபோது, சிவப்புக் கையைத் தொட்டாள். அவன் மனைவி பயிற்சி அறையிலேயே அழுதுவிட்டாள். அதற்கப்புறம் சிட்டுவைப் பிடிக்க முடியவில்லை. மருந்து வேண்டாம், தலை சீவ வேண்டாம், கணுக்கால் மடங்காமலிருக்க மாட்டும் அந்த பிளாஸ்டிக் கூடு வேண்டவே வேண்டாம். ஏழு வருடமாகச் சேர்த்துவைத்ததை ஒரே மாதத்தில் சொல்லித் தீர்த்துவிடுகிற வேகம்.

இந்த மூன்றையும் செய்கிறவன் அவன்தான். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை, விடிந்ததும் கிளம்பிவிடுவாள். ஆகவே அவன் பக்கத்தில் வந்தாலே சிட்டுவின் விரல் வலது ஓரத்துக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா குடும்பத்தோடு வந்திருந்தபோதும் அதுதான் நடந்தது.

"ஏன்டா, மாங்கு மாங்குன்னு பலகை செஞ்சு குடுத்தே, கடைசில அவ உன்னையே வேண்டாங்குறாளே!" என்றாள் அக்கா.

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். சிட்டுவும் சிரித்தாள், அவள் எதற்குத்தான் சிரிக்கமாட்டாள்.

ஆனால் அந்தச் சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. மறுநாள் கடையில் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சிவப்பு கண்ணைப் பறிக்கும், தள்ளுபடி போர்டுக்கு ஏன் சிவப்பு அடிக்கிறோம்? குழந்தை நிறத்தைத் தொடுகிறாள், இவர்கள் அதற்கு அர்த்தம் கற்பிக்கிறார்கள். தொழில் தெரிந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? தன் புகைப்படம் ஒன்றை, பல் தெரியச் சிரிக்கிற படமாகப் பார்த்து, அதே அளவில் அச்சடித்தான். இரவு வீட்டுக்கு வந்து, சிவப்புக் கையை உரித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டு அந்த இடத்தில் தன் முகத்தை ஒட்டினான்.

"மேடம் இடத்தை மாத்தக்கூடாதுன்னாங்களே?" என்றாள் மனைவி.

"இடம் எங்க மாறிச்சு? படம்தானே மாறிச்சு" என்றான். வக்கீல் தோற்றான்.

கேட்டால் சொல்ல டீச்சரும் இல்லை. பிரசவ விடுப்பில் போயிருந்தார், வர நான்கு மாதமாகும்.

மறுநாள் காலையிலேயே சிட்டு அவன் படத்தைத் தொட்டாள். "பார்த்தியா, பார்த்தியா, அப்பாங்குறா!" என்று வேலைக்குப் போய்விட்ட மனைவியை போனில் கூப்பிட்டுக் கத்தினான். அதற்குப் பிறகு தினமும் அப்பாதான். மருந்து கொடுக்கும்போது அப்பா, சீப்பை எடுத்தால் அப்பா. காலில் கூட்டை மாட்டும்போது இரண்டு தரம், ஐந்து தரம், பத்துத் தரம் அப்பா.

"சுமந்து பெத்தது நானு, கூப்பிடுறது மட்டும் உங்களையா? நல்ல நியாயம்" என்று மனைவி முகத்தை நொடித்துக்கொண்டாள். அவனுக்கு அதிலும் ஒரு குளிர்ச்சி.

நடுவில் ஒருநாள் அவள், "குதிகாலுக்கு மேல சிவந்திருக்குங்க, கூடு உரசுது போல" என்றாள்.

"சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கா? வலிச்சா சும்மா இருப்பாளா?"

களிம்பு தடவினார்கள், பஞ்சு வைத்தார்கள். காலையில் அவன் பட்டையை இழுத்து மாட்டினான். சிட்டு சிரித்துக்கொண்டே பலகையைத் தட்டினாள். "அப்பா இங்கதான்டா இருக்கேன் தங்கம்" என்று இன்னும் ஒரு துளை இறுக்கினான். அதை போனில் வீடியோவும் எடுத்துவைத்தான்.

டீச்சர் திரும்பி வந்த அன்று மூவரும் பலகையோடு பயிற்சி நிலையத்துக்குப் போனார்கள். உட்காருவதற்கு முன்பே அவன் போனை நீட்டினான். அவர் சிரித்த முகத்தோடு பார்த்தார். பிறகு இன்னொரு தரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அந்த ஓரத்துல முன்னாடி என்ன சார் இருந்துச்சு?"

அவன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். மனைவிதான் சொன்னாள்.

டீச்சர் தன் பெட்டியிலிருந்து வேறொரு சிவப்புக் கையை எடுத்து வலது ஓரத்தில் ஒட்டினார். அவன் முகத்தைக் கீழ் வரிசையில் காலியாக இருந்த இடது மூலைக்குக் கொண்டுபோனார். வெறும் கரண்டியை சிட்டுவின் வாயருகே நீட்டினார். விரல் வலது ஓரத்துக்குப் போயிற்று. கரண்டியை உடனே கீழே வைத்துவிட்டு, சீப்பைக் காட்டினார். வலது ஓரம். பந்தைக் காட்டினார். விரல் நடுவிலிருந்த பந்துப் படத்தைத் தொட்டது, பிசகவில்லை.

"நான் நிக்குறேன் மேடம், என்னைக் கேளுங்க. அவளுக்கு என்னைத் தெரியும்" என்றான். குரல் கெஞ்சியது.

"தெரியும் சார். நல்லாவே தெரியும். அது வேற."

டீச்சர் குனிந்து கூட்டைக் கழற்றினார். கால் வளர்ந்திருந்தது, கூடு வளரவில்லை. காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து உரித்தபோது சிட்டு கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கா சார். ஒரு தரம் இல்ல, பத்துத் தரம் சொல்லியிருக்கா. நீங்க வீடியோவே எடுத்து வச்சிருக்கீங்க" என்றார் டீச்சர். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி சண்டை போடவில்லை. சிட்டுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஜன்னலையே பார்த்திருந்தாள். இறங்குகிற இடம் வந்தபோது மட்டும் சொன்னாள்.

"நாலு மாசமா எனக்குப் பொறாமையா இருந்துச்சுங்க. இதுக்குப் போய்."

மறுநாள் காலை கூடு கிடையாது, புண் ஆற வேண்டும். அவன் சீப்பை எடுத்துக்கொண்டு போனான். சிட்டு சிவப்புக் கையைத் தொட்டாள். அவன் சீப்பைக் கீழே வைத்தான். அவள் சீப்பைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். கலைந்த முடியைக் கையால் ஒதுக்கிவிடலாமென்று குனிந்தான். சிவப்புக் கை. நிமிர்ந்து நின்றான். மறுபடியும் சிவப்புக் கை. ஓர் அடி பின்னால் போனான். அவள் தொட்டாள், அவன் இன்னும் ஓர் அடி போனான். நான்கு மாதமாகச் செத்துக்கிடந்த படம் மறுபடி வேலை செய்கிறதா என்று ஏழு வயதுக் குழந்தை சோதித்துப்பார்த்தாள். அவன் வாசற்படிவரை வந்துவிட்டான். அங்கே நின்று, கீழ் வரிசையின் இடது மூலையைப் பார்த்தான். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது அவன் முகம். சிட்டுவும் சிரித்துக்கொண்டிருந்தாள். அது எந்தச் சிரிப்பென்று அவனுக்குத் தெரியவில்லை, ஏழு வருடமாகவே தெரிந்திருக்கவில்லை.

புண் ஆறிற்று. புதுக் கூடு வந்தது. இடது மூலையில் இருக்கிற படத்தை அவள் இன்னும் ஒருமுறைகூடத் தொடவில்லை.

போன வாரம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்தார். கட்டிங் மெஷினில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது, நேரம் போகாமல் கேட்டார்.

"என்ன, பொண்ணு இப்பவும் அப்பா அப்பான்னு கூப்பிடுறாளா?"

"இல்ல சார்" என்றான் அவன், மெஷினைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "வேண்டாங்குறா."

வந்தவர் ஒப்புக்குச் சிரித்துவைத்தார்.