தண்ணி, ச்சே

கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்தத் தெருவில் எல்லோருடைய கண்ணும் அத்துப்படி. மனைவியின் வாய்தான் அவருக்குப் பிடிபடாத சமாச்சாரம். மூச்சு விடாமல் பேசுவாள். "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. போன மழைக்காலத்தில் அவள் மூளையில் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. கை கால் தப்பின. பேச்சு போய்விட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா ஒரு டேப்லெட்டைத் தந்தார். படத்தைத் தொட்டால் ஹெட்போனில் வார்த்தை கேட்கும், ஒவ்வொரு அசைக்கும் உள்ளங்கையில் அது ஒருமுறை அதிரும். கூடவே நிஜப் பொருளையும் கையில் கொடுத்து முகர வைக்க வேண்டும்.

"கண்ணு, காது, கை, மூக்கு எல்லாம் ஒண்ணா சேர்ந்தாத்தான் வார்த்தை உள்ள தங்கும். குரல் பழகின குரலா இருக்கணும். நீங்களே பதிஞ்சு குடுங்க சார்."

கடையில் உட்கார்ந்தே பதிந்தார். 'தண்ணி' என்று சொன்னால், தெளிவாக இல்லை, மறுபடி சொல்லுங்கள் என்று திரையில் எழுத்து ஓடியது. மறுபடி சொன்னால் யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஒருவழியாகச் சரியாக வந்ததும், நிறுத்தும் பொத்தானை அழுத்துவதற்குள் வாயிலிருந்து ஒரு "ச்சே" விழுந்தது. எல்லா வார்த்தைக்கும் அப்படித்தான். பதிந்ததை ஒரு தடவை போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மனுஷனுக்கு அவ்வளவு அவசரம்.

அவள் விடாப்பிடியாகப் படித்தாள். ஈர டம்ளரைப் பிடித்துக்கொண்டு, சோப்பை முகர்ந்துகொண்டு, உதட்டைக் கோணிக்கொண்டு படித்தாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வீடே பூரித்துப்போனது. மகள்தான் முதலில் கவனித்தாள்.

"என்னப்பா, அம்மா எதைக் கேட்டாலும் சலிச்சுக்கிட்டே கேக்கறாங்க? தண்ணி, ச்சே. சோப்பு, ச்சே."

அவர் ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டினார். ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் அவருடைய 'ச்சே'. இயந்திரத்தின் மேல் வந்த எரிச்சல் என்று சமாளிக்கலாம்தான். ஆனால் அந்தக் குரல் யாரிடம் அலுத்துக்கொள்கிறது என்று அவருக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக அவளிடம் பேசிய குரல்தானே அது. பழகின குரல் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார், அச்சு அசலாகக் கொடுத்திருக்கிறார்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. "கடைச் சத்தம் விழுந்துடுச்சு மேடம், மாத்திப் பதியலாமா?" என்று கேட்டார்.

"மாத்தலாம். ஆனா அவங்களுக்கு அந்தச் சத்தமும் சேர்ந்ததுதான் வார்த்தை. கொஞ்சம் தடுமாறுவாங்க."

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இதுவரை பேசாத மென்மையோடு எல்லாவற்றையும் திரும்பப் பதிந்தார். மறுநாள் காலை அவள் எதிரிலேயே உட்கார்ந்தார்.

டம்ளரைப் பிடித்தபடி அவள் படத்தைத் தொட்டாள். கேட்டாள். புருவம் சுருங்கியது. மறுபடி தொட்டாள். ஹெட்போனைக் கழற்றி உதறிப் பார்த்தாள். "தண்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்த அதே பயம் கண்ணில் வந்தது.

"தண்ணிம்மா. தண்ணி," என்றார் அவர், பக்குவமாக.

இல்லை என்று தலையை ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது. கையிலேயே தண்ணீர் இருந்தும் குடிக்காமல், மிச்ச வார்த்தைக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.



"தண்ணி," என்றார். "ச்சே."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தண்ணி, ச்சே," என்று அதே அலுப்போடு, அதே இழுப்போடு, இம்மி பிசகாமல் சொல்லிவிட்டு மடமடவென்று குடித்தாள். பிறகு ஹெட்போனை ஓரமாகத் தள்ளிவிட்டு, சோப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள், இதையும் சொல்லு என்று.