பெட்ரோல் மூடியின் துளை

பிரிக்பீல்ட்ஸில் பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி புனிதவதிக்குத் தகப்பனார் விட்டுப்போன பழைய கார் ஒன்று இருந்தது. அவர் இறந்ததிலிருந்து கொட்டகையிலேயே கிடந்தது. ரிக்‌ஷாவுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போனவள், 1934-இல் ஒருநாள், அதை ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தாள். அடுத்த வீட்டுப் பக்கிரிசாமி ரயில்வே பட்டறை ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வந்து சேர்ந்தார்.

இருக்கைக்கு அடியிலிருந்த டாங்கியைக் கழற்றினார்கள். பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெயும் கூழாங்கல்லும் போட்டு இருவருமாகக் குலுக்க, துரு சிவப்புக் குழம்பாகக் கொட்டியது. செப்புக் குழாயைப் புனிதவதி பலங்கொண்ட மட்டும் ஊதினாள். அடைத்திருந்த குளவிக்கூட்டு மண் பக்கிரிசாமியின் மீசையில் தெறித்தது.

"மெதுவா ஊதுங்க லா, மிஸ்ஸி!"

கார்புரேட்டரையும் துடைத்து மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, காரின் முன்னாலிருந்த கைப்பிடியைப் பக்கிரிசாமி சுற்றினார். கார் இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. எங்கே போனாலும் விடாத மருந்துப் பையோடு புனிதவதி ஏறி ஓட்டினாள்; பக்கிரிசாமி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பங்சார் ரப்பர் தோட்டத்துக்கு அருகே கார் நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா என்று பக்கிரிசாமி மூடியைத் திறந்து பார்த்தார். நிறைய இருந்தது. மறுபடி சுற்றியதும் ஓடியது. மூடியைப் போட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது.

அந்த நேரம் தோட்டத் தொழிலாளி சின்னையா ஓடி வந்தார்.

"மிஸ்ஸி! உங்களத்தான் கூப்பிட வரேன். என் சம்சாரம் வீரம்மாவுக்கு வலி வந்துருச்சு!"

பக்கிரிசாமி மூடியைத் திருக, 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. புனிதவதி மூடியைக் கையிலெடுத்துப் பார்த்தாள்.

"பிள்ளையின்ட பால் போத்தல் மாதிரித்தான் அண்ணை! காத்து உள்ளே போகாட்டில் பால் வராது. இஞ்ச பாருங்கோ, மூடியில இருக்கிற ஓட்டை அடைபட்டுக் கிடக்கு."

சேலையிலிருந்த ஊசியைக் கழற்றிக் குத்தினாள். மண் உதிர்ந்தது.

"அட, இது எனக்குத் தோணலையே!" என்று பக்கிரிசாமி சிரித்தார்.

அதன்பின் கார் நிற்கவில்லை. சின்னையா கதவுக்குக் கீழிருந்த மிதிபலகையில் தொற்றிக்கொண்டார். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை அடைந்ததும் ஜனங்கள் காரைச் சூழ்ந்துகொள்ள, பக்கிரிசாமி ஹாரனை அமுக்கினார். 'பாம்ம்' என்ற அந்தச் சத்தம் எருமை கத்துவது போலிருந்தது. புனிதவதி வீட்டுக்குள் நுழைந்தபோது, வலியில் துடித்த வீரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி அடிக்கச் சொல்லுங்க, மிஸ்ஸி!"

பக்கிரிசாமி அடித்துக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்து, ஹாரனைவிடச் சத்தமாக அழுதது.