நத்தையிடம் சேர்ந்த அட்டைகள்

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று வகுப்பில் சம்பள நாள்.

பிள்ளைகளுக்கு வேலைப் பழக்கம் வரவேண்டும் என்று அவளே ஆரம்பித்த ஏற்பாடு அது. கரும்பலகை துடைக்க, ஜன்னல் சாத்த, புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்த என்று ஆளுக்கொரு வேலை. நேர்காணலில் பதில் சொல்லித்தான் வேலை வாங்க வேண்டும். சம்பளம், முத்திரை குத்திய நீல அட்டைகள். தாமதமாக வந்தால் அபராதம். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. சேர்த்த அட்டைகளைக் கொடுத்து வீட்டுப்பாடம் இல்லாத ஒரு நாளையோ, டீச்சரின் சுழல் நாற்காலியில் ஒரு பாடவேளை உட்காரும் உரிமையையோ வாங்கிக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் அந்த நாற்காலிக்கு அடிதடியே நடந்தது. இப்போது சீந்துவாரில்லை. சம்பளம் வாங்கிய கையோடு பிள்ளைகள் போய் நின்ற இடம் நத்தையின் பெஞ்சு.

முதுகை விடப் பெரிய பையைச் சுமந்து மெல்ல நடந்து வருவதால் அந்தப் பெண்ணுக்கு நத்தை என்று பெயர். அவள் வேலை, குப்பைத்தொட்டி. இருப்பதிலேயே குறைந்த சம்பளம். யாரும் கேட்காத அந்த வேலையை அவளாகத்தான் கேட்டு வாங்கினாள்.

“கள்ள அட்டை அடிக்கறாளோ என்னமோ,” என்றார் கணக்கு வாத்தியார், ஆசிரியர் அறையில் டீயை உறிஞ்சிக்கொண்டே. “இல்லன்னா வட்டிக்கு விடறா. அப்பாவி மூஞ்சியை நம்பாதீங்க டீச்சர். எங்க மச்சினனும் அப்படித்தான் இருப்பான்.”

அடுத்த வாரம் ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் டீச்சர் பச்சை மையால் ஒரு புள்ளி வைத்தாள். பிள்ளைகள் கையில் பிறகு பார்த்த அட்டைகள் எல்லாவற்றிலும் புள்ளி இருந்தது. கள்ள அட்டை இல்லை. அப்படியென்றால் பிடுங்குகிறாள்.

அலமாரிக்காரியைத் தனியாகக் கூப்பிட்டாள். “நத்தைக்கு எதுக்குடி அட்டை குடுத்தே?”

“சும்மா டீச்சர்.”

“சம்பளத்தை யாராவது சும்மா தூக்கிக் குடுப்பாங்களா? மிரட்டறாளா?”

“நத்தையா?” என்று சிரிக்கப் போனவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது பயம் என்றுதான் டீச்சருக்குப் பட்டது.

அதற்குப் பிறகு பாடம் நடத்தும்போதும் கண் நத்தை மேலேயே இருந்தது. குப்பைத்தொட்டியோடு அவள் பெஞ்சு பெஞ்சாகப் போனாள். பென்சில் சீவலோடு மடித்த காகிதங்களும் உள்ளே விழுந்தன. வாசல் பக்கம் போனதும் குனிந்து அவற்றை மட்டும் பொறுக்கினாள். ஒன்றின் மடிப்பு பிரிந்து நீலம் தெரிந்தது.

பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில் டீச்சர் நத்தையின் பையைத் திறந்தாள். அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்தால் நிறைய அட்டைகள். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

எல்லோரும் திரும்பி வந்ததும் டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

“இது உன்னோடதா?”

“என்கிட்ட இருந்துச்சு டீச்சர். ஆனா என்னோடது இல்ல.”

“பின்ன யாரோடது?”

நத்தை குனிந்து, திறந்து கிடந்த தன் பையை மூடினாள்.

“இந்த வயசுலயே வழிப்பறியா? உன் வேலை போச்சு,” என்று சொல்லி டப்பாவை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

திங்கட்கிழமை கரும்பலகையில் பழைய கணக்கு அப்படியே இருந்தது.

“இது யார் வேலை?”

ஒரு பையன் எழுந்தான். “நான் வேலையை விட்டுட்டேன் டீச்சர்.”

“நானும்,” என்றான் ஜன்னல்காரன். அலமாரிக்காரியும் எழுந்தாள். ஒவ்வொருவராக வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. பின்னால் குப்பைத்தொட்டி வழிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, இந்த ஏற்பாட்டைக் காட்டுவதற்காகத் தலைமையாசிரியை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று பார்த்தார். “அடுத்த வகுப்பு இன்னும் நல்லா இருக்கும், வாங்க,” என்று அவர்களை அப்படியே தள்ளிக்கொண்டு போனார்.

டீச்சர் வந்து நத்தையின் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். “யாராவது சொல்லுங்கடா. என்னதான் நடக்குது?”

“ஒட்டகத்துக்கு டீச்சர்,” என்றாள் அலமாரிக்காரி.

ஒட்டகம் வகுப்பிலேயே உயரமான பையன். சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டில் கிடந்தான்.

“நீங்க அவன் சம்பளத்தை நிறுத்திட்டீங்க. வேலையையும் வேற ஆளுக்குக் குடுத்துட்டீங்க. அதான் நாங்க சேத்து வைக்கறோம். யாருக்காவது ஃபைன் விழுந்தாலும் அதுலேர்ந்துதான் கட்டுவோம்.”

“இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சொன்னா அதுக்கும் ஒரு ஃபைன் போட்டிருப்பீங்க,” என்றாள் நத்தை.

வேலை செய்யாதவனுக்குச் சம்பளம் ஏது என்று டீச்சர் நிச்சயம் கேட்டிருப்பாள்.

“எல்லாரும் ஏன் உன்கிட்டயே குடுக்கறாங்க?”

“குப்பை எடுக்கறவதான் பாடம் நடக்கும்போதே எல்லா பெஞ்சுக்கும் போகலாம் டீச்சர். அதுக்காகத்தானே அந்த வேலையைக் கேட்டேன்.”

டீச்சர் இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து வந்தாள். “எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடி மாதிரி நிக்க வச்சேன். எல்லார் முன்னாடியும் கேக்கறேன், மன்னிச்சுக்கோம்மா.”

“பரவால்ல டீச்சர்,” என்றாள் நத்தை. பிறகு அட்டைகளைப் பெஞ்சில் கொட்டி எண்ண ஆரம்பித்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று கவனித்தார்கள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். டீச்சருக்குக் காது சுட்டது.

“சரியா இருக்கு,” என்றாள் நத்தை. ஒருவன் போய்க் கரும்பலகையைத் துடைத்தான்.

உடம்பு சரியில்லாதவர்களுக்கும் சம்பளம் உண்டு என்று டீச்சர் அன்றே அறிவித்தாள். அட்டைக்குப் பொறுப்பாளராக இருக்கிறாயா என்று நத்தையைக் கேட்டாள். குப்பைத்தொட்டியே போதும் என்றுவிட்டாள் நத்தை. ஊன்றுகோலோடு திரும்பி வந்த ஒட்டகம் தனக்கென்று சேர்ந்த அட்டையை எல்லாம் சுழல் நாற்காலிக்கே செலவழித்து, தலை சுற்றும்வரை சுற்றினான்.

டப்பா மட்டும் நத்தையின் பையில் இல்லை. வேறு யாரிடமோ மாறிவிட்டது. யாரிடம் என்று டீச்சரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.