இடிமுரசன் 2: ஒரு சத்தமில்லாத படம்

'இடிமுரசன்' இரண்டாம் பாகத்தின் முதல் காட்சி முடிந்து சனம் வெளியே வந்தபோது, கடலரசித் தியேட்டர் மனேஜர் றொமேஷ் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவர் காதுக்குள் சின்னவிரலை விட்டுக் குடைந்தபடி வந்தார். இன்னொருவர் பெண்சாதியிடம் ஏதோ சொன்னார். அவர் "என்ன?" என்றார். இவரும் "என்ன?" என்றார். அப்படியே இரண்டு பேரும் ஓட்டோ ஏறிப் போய்விட்டார்கள்.

றொமேஷ் விரல்விட்டு நாளை எண்ணினான். முதலாளி தவராசா போன கிழமைதான் கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார்.

"பத்து நாள் தம்பி. இந்தப் படம் பத்து நாள் ஓடினா இது தியேட்டர். இல்லாட்டி கல்யாண மண்டபம். கதிரையளைக் கழட்டிப்போட்டு மணவறை போட வேண்டியதுதான்."

"என்ர வேலை, அண்ணை?"

"அதையும் யோசிச்சு வச்சிருக்கிறன். நீ வாசலில நிண்டு பன்னீர் தெளிக்கலாம்."

பதினாறு வருடமாகத் திருகோணமலைக்குப் படம் காட்டிய கை அது. வேலை போய்விடும் என்று சொல்லியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். பன்னீர்தான் அவனை நித்திரை கொள்ள விடவில்லை.

அடுத்த நாள் விமர்சனங்கள் வந்தன. சென்னையில் ஒருவர், படக்குழு கதைக்குச் செலவழிக்க மறந்த பணத்தை லொறிகளுக்குச் செலவழித்துவிட்டது என்று எழுதினார். கொழும்பில் ஒருவர், படம் முடிந்தபிறகும் தன் தலைக்குள் மூன்றாவது சண்டைக்காட்சி ஓடிக்கொண்டிருப்பதாக முறைப்பட்டார். இவையெல்லாம் தூரத்து அடிகள். பக்கத்து அடியைக் கொடுத்தவன் ஜெனிஸ்டன். கம்பஸில் இரண்டாம் வருடம் படிப்பவன், 'மூன்றாம் வரிசை' என்ற முகநூல் பக்கத்தில் விமர்சனம் எழுதுபவன். ஊர்ச்சனம் அவன் எழுதியதைப் படித்த பிறகுதான் படத்துக்குப் போக உடுப்பு மாற்றும்.

"முதல் பாகத்தில் இறந்துபோன தாய், இந்தப் பாகத்தில் தன்னுடைய தங்கையாக வந்து, மகனுக்குத் திரும்பவும் தாயாகிறார். இறப்புக்குப் பிறகு நடிப்பு நன்றாகத் தேறியிருக்கிறது. புள்ளி, ஐந்துக்கு ஒன்று. அதுவும் ஏசிக்கு."

மூன்றாம் நாள் இரண்டரை மணிக் காட்சிக்குப் பதினொரு பேர் வந்திருந்தார்கள். அதில் நான்கு பேர் கடைசி வரிசைச் சோடிகள். திரையில் எது ஓடினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். றொமேஷ் மனதுக்குள் பன்னீர்ச் செம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆறு பேர் மடித்துக் கட்டிய சாரத்தோடு வந்து ஏறினார்கள். அன்று காலைதான் மீன்பிடித் துறைமுகத்துக்குள் வந்த நெடுநாள் படகின் ஆட்கள். பதினெட்டு நாள் கடல். முன்னால் நின்றவர் ஸ்கிப்பர் பேணாட்.

"ஏசி வேலை செய்யுதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப ஆறு டிக்கெட்."

என்ன படம் என்று அவர்கள் கேட்கவில்லை.

மூன்று மணித்தியாலம் கழித்து பேணாட் வெளியே வந்தார். முகம் கழுவிவிட்ட மாதிரித் தெளிவாக இருந்தது. றொமேஷின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல படம் தம்பி. இப்ப ஆர் இப்பிடி எடுக்கிறாங்கள்? ஒரு அமைதி."

"அமைதியோ?"

"தாயும் மகனும் கதைக்கினம். பிறகு அந்தப் பெட்டை கடிதம் எழுதுது. பிறகு திருப்பியும் தாயும் மகனும். கண் கலங்கிப்போச்சு."

"அண்ணை, சண்டையள் எப்பிடி?"

"என்ன சண்டை?" பேணாட் பின்னால் திரும்பினார். "டேய், சண்டை ஒண்டு வந்ததோ?"

ஐந்து பேரும் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார்கள்.

படத்தில் சண்டைகள் பதினொன்று. றொமேஷ் அவர்கள் தன்னைப் பகிடி பண்ணுவதாக நினைத்தான். ஆனால் மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் பேணாட் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். பின்னேரம் வேறு ஐந்து படகுகளின் ஆட்களும் வந்தார்கள். றொமேஷ் இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. பக்கக் கதவோடு நின்று சனத்தைப் பார்த்தான்.

முதல் லொறி பறந்தது. முப்பத்தாறு தலைகளும் ஒன்றாகச் சரிந்தன. லொறி வெடித்தது, பாலம் இடிந்தது, நாயகன் ஒரு ஹெலிகொப்டரை வாலில் பிடித்துச் சுழற்றினான். வாய்கள் திறந்து கிடந்தன. சண்டை முடிந்து, திரையில் தாய் மெல்லிய குரலில் "சாப்பிட்டியா ராசா?" என்றதுதான் தாமதம், முப்பத்தாறு தலைகளும் நிமிர்ந்தன. ஒருவர் கண்ணைத் துடைத்தார். பிறகு பீரங்கி வந்தது. தலைகள் திரும்பவும் சரிந்தன.

இடைவேளையில் றொமேஷ், பேணாட்டின் படகு என்ஜின்காரர் றம்ஸானைப் பிடித்தான். கிண்ணியாக்காரர், அண்ணன் முறையில் எல்லாரும் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர், கதைக்கும்போதும் காதை ஒருபக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்.

"காக்கா, நீங்கள் எல்லாரும் நித்திரை கொள்ளுறீங்கள்."

"தெரியும் தம்பி. படகுல மூணு கிழமை தலைமாட்டுல என்ஜின். அது ஓடினாத்தான் நித்திரை. நிண்டா முழிப்பு வந்திரும். நடுக்கடல்ல என்ஜின் நிண்டா நித்திரை கொள்ள ஏலுமா? வீட்ட போனா ஒரு சத்தமும் இல்ல. கண்ணை மூடினா என்ஜின் நிண்ட மாதிரியே இருக்கும்." றம்ஸான் திரையைக் காட்டினார். "இது நல்ல என்ஜின். ஆறு சிலிண்டர்."

றொமேஷ் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

கதை தன் பாட்டில் ஊருக்குள் போயிற்று. சண்டையே இல்லாத குடும்பப் படம் என்று மீன் சந்தையில் கதைத்தார்கள். ஜெனிஸ்டனின் பக்கத்தின் கீழே "தம்பி, நீர் வேற படம் பாத்தனீரோ?" என்று எழுதினார்கள். ஒருவர் அவனைக் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். ஜெனிஸ்டன் தன்மீதே சந்தேகப்பட்டு இரண்டாம் தடவையும் வந்து பார்த்து, சண்டைகளை எண்ணி, பதினொன்று என்று உறுதிப்படுத்திவிட்டு, இன்னும் குழம்பிப்போனான்.

திங்கட்கிழமை பேணாட்டின் மனைவி எல்சி, புருசனையும் அயலட்டைப் பெண்களையும் அவர்களுடைய புருசன்மாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். காட்சி முடிந்ததும் நேரே மனேஜர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். றொமேஷ் எழும்பி நின்றான்.

"இதுவோ தம்பி அமைதியான படம்?"

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை…"

"எண்ணிக்கொண்டு இருந்தனான். தொண்ணூற்றாறு பேர் செத்தவை. ஒரு குதிரையும்."

"மன்னியுங்கோ அக்கா."

"பொறும். அந்த மனுசன் என்ர தோளில சாஞ்சு மூண்டு மணித்தியாலம் நித்திரை. கல்யாணம் கட்டிப் பத்தொன்பது வருசம். வீட்டில ஒரு நாள் அப்பிடிக் கிடந்ததில்லை. விடியுமட்டும் முற்றத்தில நடக்கும். ஒருநாள் தேங்காய் அரைக்கிற கிறைண்டரைத் தலைமாட்டில போட்டுவிட்டுப் படுத்தது." எல்சி குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ரெண்டரைக்கு எத்தினை டிக்கெட் கிடக்கு?"

அதற்குப் பிறகு பெண்கள்தான் டிக்கெட் எடுத்தார்கள். புருசன்மாரைக் கொண்டுவந்து இருத்திவிட்டுச் சந்தைக்குப் போனார்கள். சிலர் தலையணை கொடுத்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் தவராசா வந்தார். கூடவே மணவறைச் சோடனைக்காரர், கையில் அளவு நாடாவோடு. வாசலில் 'இடமில்லை' என்ற பலகை தொங்கியது. தவராசா அதை நம்பாமல் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். இறுதிச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு பேர் வாயைத் திறந்தபடி கிடந்தார்கள்.

"என்னடா இது? எல்லாரும் செத்துப்போச்சினமோ?"

"இல்லை அண்ணை. படத்தில ஊறிப்போய் இருக்கினம்."

"நித்திரை கொள்ளுற சனத்தை நம்பித் தியேட்டர் நடத்த ஏலாது. நாளைக்கு வேற படம் வந்தா இதுகள் வருமோ? தம்பி, மேடையை அளந்து பாரும்."

சோடனைக்காரர் நாடாவை இழுத்தபடி நடுவழியால் நடந்தார். நாயகன் கப்பலொன்றைத் தோளில் தூக்கினான். அந்த நேரம் பார்த்து, பத்து நாள் முழு வீச்சில் அலறிய ஒலிபெருக்கி 'டப்' என்று நின்றது.

ஒரு கணம் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்.

பிறகு இருநூறு பேரும் ஒன்றாக எழும்பினார்கள். "என்ஜின் நிண்டுட்டு!" கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை, ஆனால் கையும் காலும் தங்கள் வேலைக்குப் போயிருந்தன. ஒருவர் திரைச்சீலைக் கயிற்றை நங்கூரக் கயிறென்று பிடித்து இழுத்தார். இரண்டு பேர் சோடாப் பெட்டியால் இல்லாத தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள். பேணாட் கதிரைமேல் ஏறி நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஒருவர் சோடனைக்காரரைக் கடலில் விழுந்தவர் என்று நினைத்து, இடுப்பில் பிடித்துக் கதிரைக்கு மேலே தூக்கிக் காப்பாற்றினார்.

றம்ஸான் ஒருவரையும் பார்க்கவில்லை. படியேறி ஒப்பரேற்றர் அறைக்குள் போனார். றொமேஷ் பின்னால் ஓடினான். ஒலிபெருக்கிப் பெட்டியின் மூடி ஏற்கெனவே கழன்றிருந்தது.

"பியூஸ் போயிட்டு. வயர் ஒண்டும் எரிஞ்சிருக்கு. டோர்ச்சைப் பிடி."

நான்கு நிமிடம். கப்பல் திரும்பவும் அலறியது. கீழே இருநூறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, எல்லாம் சரி என்று தலையாட்டி, இருந்து, சரிந்தார்கள். றம்ஸான் படியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

தவராசா கதவோடு நின்று முழுவதையும் பார்த்திருந்தார். சோடனைக்காரர் சேட்டுப் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கல்யாண வீட்டில மைக் நிண்டா ஒருத்தன் எழும்பி வரமாட்டான்," என்றார் தவராசா கடைசியில். "சாப்பாட்டுப் பந்திக்குத்தான் எழும்புவாங்கள்." நாடாவைச் சுருட்டச் சொன்னார். "றொமேஷ், தியேட்டர் தியேட்டராக் கிடக்கட்டும். சத்தத்தை மட்டும் குறைச்சுப்போடாதை."

தியேட்டரில் நடந்ததைக் கேள்விப்பட்டு, அன்று பின்னேரம் ஜெனிஸ்டன் விமர்சனத்தைத் திருத்தினான். "ஐந்துக்கு நான்கு. ஏசிக்கு ஒன்று, என்ஜினுக்கு மூன்று." படத் தயாரிப்பாளர் அதில் 'நான்கு' என்பதை மட்டும் வெட்டியெடுத்து விளம்பரத்தில் போட்டார். படம் நாற்பத்தொரு நாள் ஓடியது.

நாற்பத்திரண்டாம் நாள் ஜெனிஸ்டன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்தான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"அண்ணை, டிரெக்டர் பேட்டி குடுத்திருக்கிறார். விமர்சனங்கள் மனதைப் புண்படுத்திப்போட்டுதாம். மூன்றாம் பாகத்தில ஒரு சண்டையும் இல்லையாம். முழுக்கத் தாயும் மகனும்தானாம். பாதிப் படம் மௌனமாம்."

றொமேஷ் அதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே துறைமுகத்துக்குப் போனான். றம்ஸான் படகின் அடித்தட்டில் எண்ணெய்க் கையோடு இருந்தார்.

"காக்கா, பழைய என்ஜின் ஒண்டு எங்கயும் கிடக்குமோ? ஓடினாப் போதும். திரைக்குப் பின்னால வைக்கவேணும்."