அறுபத்திரண்டு சதவீதம்

1

இந்தக் கதை ஒரு புகார் மனுவாகத்தான் பிறந்தது. சாந்தோமில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் மர்சலின் டீச்சர் இருக்கிறார். "நீங்க கதையெல்லாம் எழுதுறவராச்சே, எனக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். மனு இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் முடியவில்லை. மிச்சக் கோபத்தைத்தான் நீங்கள் இப்போது படிக்கிறீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மனித இதயம் நான்கு அறைகள் கொண்ட ஒரு வீடு. அதன் ஜன்னல்களை யாரும்..."

டீச்சர் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "எனக்கு நுரையீரல்ல தண்ணி தேங்கிச்சு. அதுக்கு எதுக்கு வீடு, ஜன்னல்னு சுத்தி வளைக்கிறீங்க?"

சரி. நேராகவே சொல்கிறேன்.

2

மர்சலின் டீச்சருக்கு ஐம்பத்தொன்பது வயது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எடுத்தவர். கோயில் பாடற்குழுவில் நாற்பது வருஷமாகப் பாடுகிறவர். பாடற்குழு நிற்பது மேல்மாடத்தில். இருபத்திரண்டு படி. போன வருஷம் பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருவிழாவுக்கு ஏறியபோது பதினாலாம் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பாட்டின் நடுவில் மூச்சு போதவில்லை. அப்புறம் படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகியது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

குடும்ப டாக்டர் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொன்னார். தி. நகரில், ஜவுளிக்கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடியில் ஒரு ஸ்கேன் சென்டர். (பெயர் சொல்லமாட்டேன். மனுவில் இருக்கிறது.) காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். வடபழனியில் கல்யாண மண்டபங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்.

"இன்னா டீச்சரம்மா, உங்களுக்கும் நடக்கச் சொல்லோ மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். "நான் ஒரு அண்டாவைத் தூக்கிட்டுப் பத்து அடி போனா, நெஞ்சுக்குள்ள யாரோ உக்காந்துகினு கீற மாதிரி கீது."

"சிதம்பரநாதன்" என்று கூப்பிட்டார்கள். அவர் உள்ளே போனார், வந்தார். டீச்சர் உள்ளே போனார், வந்தார். ஜெல் தடவியதிலிருந்து துடைத்தது வரை நாலு நிமிஷம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன் என்கிறார். டெக்னீஷியன் ஒரு கையில் கருவியையும் இன்னொரு கையில் கைப்பேசியையும் வைத்திருந்தார்.

ரிப்போர்ட் வந்தது. இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு அறுபத்திரண்டு சதவீதம். எல்லாம் நார்மல்.

3

இந்த இடத்தில் அந்த டெக்னீஷியனை வில்லனாக எழுதிப் பார்த்தேன். மூன்று வரைவு. "அவன் உதட்டில் ஓர் ஏளனச் சிரிப்பு..." பொய். டீச்சரைக் கேட்டேன்.

"சிரிப்பெல்லாம் இல்லை. தூங்கி வழிஞ்ச முகம். வெளியே முப்பது பேர் உக்காந்திருந்தோம், அவர் ஒரே ஆள்."

எனவே அவரை விட்டுவிடுகிறேன்.* ஒரே ஆளை வைத்து முப்பது நெஞ்சைப் பார்க்கச் சொன்னவர் யாரோ, கோபம் அவர்மேல் போகட்டும்.

* முழுதாக விடவில்லை. கைப்பேசியைக் கீழே வைத்திருக்கலாம்.

4

அடுத்த எட்டு மாதம் டீச்சர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. குடும்ப டாக்டர் ரிப்போர்ட்டை விரலால் தட்டி, "ஹார்ட் சூப்பரா இருக்கு. வெயிட்டைக் குறைங்க, ரிட்டயர் ஆனா இப்படித்தான் மனசு எதையாவது தேடும்" என்றார். தூக்க மாத்திரை எழுதினார். மகன் கிளிஃபர்ட் நல்ல பிள்ளைதான். அவனும், "அம்மா, நார்மல்னு அச்சடிச்சுக் கொடுத்திருக்காங்க. அப்புறமும் முடியல முடியலன்னா எப்படி?" என்று கேட்டான். பாடற்குழுவில், சோலோ கொடுக்கவில்லை என்று கோபம், அதனால்தான் வருவதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

(இங்கே டீச்சர் அழுதார் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டார். "அழல. எனக்கே சந்தேகம் வந்துச்சு, நாமதான் நடிக்கிறோமோன்னு. அதை எழுதுங்க. அழுகையைவிட அது மோசம்.")

கடைசியில் ஒரு நாள் குளியலறையிலிருந்து கட்டில் வரை நடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்தபோது கிளிஃபர்ட் பயந்துபோய் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அங்கே எக்கோ பார்த்தவர் டாக்டர் சந்திரிகா. முப்பத்தைந்து நிமிஷம் பார்த்தார். இடப்பக்கம் திரும்பச் சொன்னார், மூச்சை விடச் சொன்னார், நிறுத்தச் சொன்னார், திரையில் கோடு போட்டு அளந்தார், மறுபடி அளந்தார்.

"டீச்சர், உங்க இதயம் சுருங்கித் தள்ளுறது நல்லாத்தான் இருக்கு. பிரச்சினை அதுல இல்லை. அது விரிய மாட்டேங்குது. பல வருஷ பிரஷர்ல சுவர் தடிச்சு விறைச்சுப்போச்சு. விரிஞ்சாத்தானே ரத்தம் உள்ளே வரும்? வர முடியாம பின்னாடி தேங்குது. மேலறை பெருசாயிருக்கு, பாருங்க. இதுவும் ஹார்ட் ஃபெயிலியர்தான். சதவீதத்தை மட்டும் பார்த்தா தெரியாது."

"அப்போ நான் சொன்னது நிஜம்" என்றார் டீச்சர்.

"ஒவ்வொரு வார்த்தையும்" என்றார் சந்திரிகா.

கிளிஃபர்ட் சுவரைப் பார்த்து நின்றான்.

5

பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பிரித்தார் சந்திரிகா. பின்னால் இன்னொரு ரிப்போர்ட்டின் உபரிப் பிரதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதே அளவுகள். அதே அறுபத்திரண்டு. 'நார்மல்' என்ற ஆங்கில வார்த்தையில் அதே இடத்தில் எழுத்து மாறிய அதே பிழை. மேலே பெயரும் வயதும் மட்டும் வேறு: சிதம்பரநாதன், வயது அறுபத்தொன்று, பாலினம் பெண்.

முப்பத்தொரு வருஷம் விடைத்தாள் திருத்தியவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? காப்பி அடிக்கிற பிள்ளைகள் தப்பையும் சேர்த்துத்தான் காப்பி அடிப்பார்கள். பக்கத்து நாற்காலிப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது. தனக்காவது அந்த எண் தற்செயலாகக் கொஞ்சம் பொருந்தியது. அவருக்கு?

நீர் பிரியும் மாத்திரையில் வீக்கம் வடிந்து, பத்தாம் நாள் ஸ்கேன் சென்டருக்குப் போனார். மேனேஜர் ஷ்ரவண் இரண்டு தாளையும் பார்த்தார்.

"டெம்ப்ளேட் மேடம். எல்லாருக்கும் அதுலதான் டைப் பண்ணுவோம். எடிட் பண்ண விட்டுப்போயிருக்கும். உங்களுக்கு ஒரு மாஸ்டர் செக்கப் ஃப்ரீயா பண்ணித் தரோம்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். இவர் போன் நம்பரைக் கொடுங்க."

"சாரி மேடம், பேஷண்ட் பிரைவசி."

"அவர் ரிப்போர்ட்டை என் கவர்ல போட்டுக் கொடுத்தீங்களே, அப்போ எங்க போச்சு பிரைவசி?"

ஷ்ரவண் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

6

டீச்சர் வடபழனிக்குப் பஸ் ஏறினார். அவர் போய்ச் சேருவதற்குள் நான் இரண்டு முடிவு எழுதிவைத்திருந்தேன்.

(அ) கடை பூட்டியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர், "அவரு போய் மூணு மாசம் ஆச்சே" என்கிறார்.

(ஆ) அவர் திடகாத்திரமாக அண்டா தூக்குகிறார். டீச்சர் வெட்கத்தோடு திரும்புகிறார்.

முதலாவது உங்களை அழவைக்கும். அதற்காகவே அதன்மேல் எனக்கு ஆசை. ஒரு சாவு இருந்தால் மனுவுக்கும் கனம் கூடும். இப்படி யோசித்த என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தக் கணக்கு நான் போட வேண்டியதா?

நடந்தது இதுதான். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் நாலு தெரு விசாரித்ததில் கடை கிடைத்தது. சிதம்பரநாதன் நாற்காலியில் இருந்தார். இரண்டு காலும் பூசணிக்காயாக வீங்கியிருந்தன.

"அட, டீச்சரம்மா! இன்னா இம்மாந்தூரம்?"

"மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"எதுக்கு? அதான் நார்மல்னு குட்த்துட்டானே. முன்னாடி டாக்டர் குட்த்த மாத்திரைய அன்னிக்கே நிறுத்திட்டேன். காலு வீங்குனா இன்னா, வயசாச்சுல்ல."

டீச்சர் தாளை அவர் மடியில் வைத்தார். "இதுல உங்களைப் பொம்பளைன்னு போட்டிருக்கு. இதை நம்பியா நிறுத்தினீங்க?"

அவர் முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடிவந்தார். டீச்சர் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

சந்திரிகா அளந்தபோது இருபத்திரண்டு சதவீதம். அறுபத்திரண்டில் நாற்பது விடுபட்டிருந்தது. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் வீடு திரும்பினார். இனி அண்டா தூக்கக் கூடாது.

7

மனுமேல் சுகாதாரத் துறை அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு டீச்சர் போனபோது நானும் துணைக்குப் போனேன். சிதம்பரநாதனும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி மரியாதையானவர்தான். மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். மனுவைப் படித்தார். ஒரு படிவத்தைப் பிரித்து, 'பாதிப்பின் விவரம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார்.

"நீங்க நல்லா இருக்கீங்க. ஐயாவும் கடவுள் புண்ணியத்துல உயிரோட இருக்காரு. டைப்பிங் மிஸ்டேக்னு அவங்க விளக்கம் கொடுத்துட்டாங்க. இங்க பாதிப்புன்னு நான் என்னம்மா எழுத?"

சிதம்பரநாதன் எழுந்திருக்கப் பார்த்தார். "இன்னா சார், செத்துட்டு வர்ணுமா?"

டீச்சர் அவர் கையை அமர்த்தினார். குரலை உயர்த்தவில்லை.

"எழுதிக்கோங்க சார். எட்டு மாசம் என்னைப் பொய் சொல்றவளா ஆக்கினாங்க. என் பையன் நம்பல. டாக்டர் நம்பல. கடைசியில நானே என்னை நம்பல. இவருக்கு மருந்தை நிறுத்த வெச்சாங்க. நாலு நிமிஷ வேலைக்கு இவர் நெஞ்சில நாற்பது போச்சு. இதுக்கு எந்தக் கட்டம் வெச்சிருக்கீங்களோ, அதுல எழுதுங்க."

அதிகாரி கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேனா நகர்ந்தது. கோப்பு அவர் பக்கம் திரும்பியிருந்ததால் எங்கள் நால்வருக்கும் தெரியவில்லை. ஒரு வரிதான் எழுதினார். மூடினார். "தகவல் வரும்" என்றார்.

இன்னும் வரவில்லை. சென்டர் திறந்திருக்கிறது.

அந்த ஒரு வரியை நான் எழுதிவிட முடியும். எனக்குத் தமிழ் தெரியும், கதை எழுதத் தெரியும், உங்கள் மனம் ஆறும்படி ஒரு நீதியை ஐந்து நிமிஷத்தில் வழங்கிவிடுவேன். நீங்களும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

எழுதமாட்டேன். அது அவர் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை.