ஈரத்தில் இருந்த பொடி

கொளஞ்சியம்மாள் சாக்கை விரித்து, டிரம்மில் தண்ணீருக்கடியில் கிடந்த கறுப்புச் சேற்றை அதன்மேல் பரப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். நல்ல வெயில். எள்ளோ மிளகாயோ, எதையும் ஒரு வெயில் காட்டாமல் வீட்டுக்குள் எடுத்து வைக்காதவள். தண்ணீரில் ஊறி வீணாகும் சரக்கைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

பெரம்பலூருக்கு வெளியே இருந்த அந்தச் சின்னத் தொழிற்சாலையில் ஆமணக்கெண்ணெயை மெழுகாக்கினார்கள். பெரிய இரும்புக் கலத்தில் எண்ணெயோடு, டிரம்மில் ஊறிச் சேறாகக் கிடந்த இந்த நிக்கல் பொடியைக் கலந்து, சூடேற்றி, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் கெட்டிப்படும். பொடி இல்லாமல் நாள் முழுக்கக் காய்ச்சினாலும் எண்ணெய் எண்ணெய்தான். கலத்தைப் பார்த்துக்கொள்பவன் அவள் புருஷன் சின்னதுரை. அவளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டவனும் அவன்தான். தை பிறந்தால் நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தத் தைக்காகவே அவள் சொல்லாத வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தாள்.

அவள் கேட்காமலும் இல்லை. போன வாரம்கூடச் சின்னதுரையிடம், "ஏங்க, அத எதுக்குத் தண்ணியிலயே போட்டு வச்சிருக்கீங்க?" என்றாள். மேனேஜர் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பெண்டாட்டிக்கு விளக்குவதா என்ற மிதப்பு அவனுக்கு. "ஒனக்கு அதெல்லாம் புரியாது. ஒன் வேலையப் பாரு."

பொடியின் ஓரம் காய்ந்ததும் அது தானாகவே கனன்றது. சாக்கு பற்றிக்கொண்டது. பக்கத்தில் எண்ணெய் டின்கள். கொளஞ்சியம்மாள் ஓடிப்போய் வெறுங்கையால் சாக்கைப் பிடித்து இழுத்தாள். சின்னதுரை மணலை வாரிக் கொட்டினான். நெருப்பு அடங்கியபோது மேனேஜர் வந்து நின்றிருந்தார்.

"இருந்த பொடி இவ்வளவுதான். இனி பம்பாயிலேருந்து வர்ற வரைக்கும் எல்லாரும் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான். காஞ்சா பத்திக்கும்னு இந்தம்மாகிட்ட நீ சொல்லலியா, சின்னதுரை?"

சின்னதுரை கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டால் அவன் வேலை போகும்.

"சொன்னேன் சார்."

சொன்ன மறு நொடியே தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஆனாலும் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

கொளஞ்சியம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சொன்னாருங்க. நாந்தான் மறந்துட்டேன்."

"அப்ப நாளையிலேருந்து நீ வர வேணாம்மா," என்றார் அவர்.

சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்காரப் போனான். அவள் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அழுதாலாவது, திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவனுக்கு. "கொளஞ்சி, கைக்கு மருந்து போட்டுட்டுப் போலாமா?" என்றான்.

கண்டக்டர் வந்தார். "ரெண்டுங்களா?"

சின்னதுரை தலையாட்டிச் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

"எனக்குத் தனியா ஒண்ணு குடுங்க," என்றாள் அவள்.

முந்தானை முடிச்சை எடுத்தாள். கண்டக்டர் காத்து நின்றார். கொப்புளித்த விரல்களுக்கு முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.